ட்யூனிங்: சுருதி சேர்த்தலும் சுருதித் திருத்தமும்

நாகர்கோவில் வட்டாரத்துப் பாடல்பதிவுக் கூடங்களில் ‘ட்யூன்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. “ட்யூன் நல்லாருக்கு” என்றால் மெட்டு. “வயலின ட்யூன் பண்ணிட்டு வாங்க” என்றால் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது. “அந்த வரிய அப்புறம் ட்யூன் பண்ணிரலாம்” என்றால், பாடியவர் வீட்டுக்குப் போன பிறகு அவர் குரலின் சுரத்தைக் கணினியில் நகர்த்துவது. மெட்டில் குழப்பமில்லை. மற்ற இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆங்கிலத்து ‘ட்யூன்’, ‘டோன்’ என்பதன் மறுவடிவம். லத்தீன் வழியே கிரேக்க ‘டோனோஸ்’ வரை போகிறது. அங்கே அதற்கு இழுத்துக் கட்டுதல், விறைப்பு என்று பொருள். நம்மிடமும் இசை தந்தியிலிருந்துதான் பெயர் வாங்கியது: பழந்தமிழில் யாழின் தந்தியும் நரம்பு, ஏழு சுரங்களும் நரம்பு. பண்ணுக்கேற்ப நரம்புகளை அமைத்துக்கொள்வது ‘பண்ணல்’. சிலப்பதிகாரத்துக் கானல்வரி யாழிசைக்குச் சொல்லும் எட்டுச் செயல்களில் அதுவே முதலாவது. அழகான சொல்; ஆனால் இன்று பண்ணல் என்றால் ‘செய்தல்’ என்றே காதில் விழும்.

புழக்கத்தில் நிலைத்தது சுருதி, பேச்சில் சுதி. வடமொழியில் கேட்டலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. களியக்காவிளை தாண்டினாலும் இதே சொல்தான். ‘சுருதி சேர்க்கணும்’ என்றால் திருவனந்தபுரத்து ஒலிப்பதிவாளருக்கும் புரியும். அதனால் இதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியான ‘கருணாமிர்த சாகர’த்தில், ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ‘ச’வுக்கும் அடுத்த மேல் ‘ச’வுக்கும் இடையே, சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதாடினார். அங்கே சுருதி என்பது சுரத்தின் நுண்பகுதி. அந்தப் பொருளுக்கு ‘அலகு’ இருக்கிறது. பாட்டுக்கு ஆதாரமான ஒலிநிலைக்குச் சுருதியை வைத்துக்கொள்வோம். ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று ஆர்மோனியக் கட்டையால் நாம் அளப்பது அதைத்தான்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் ஒரே கல்லில் செதுக்கியவை. கல்லை முறுக்க முடியாது, தளர்த்த முடியாது. செதுக்கி முடித்த அன்றே அவற்றின் ஒலி தீர்மானமாகிவிட்டது. மிருதங்கம் இதற்கு நேர் எதிர். வலக்கைப் பக்கத்துத் தோல்முகமான வலந்தலையின் விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் ஈரத்துக்குத் தோல் தளரும். ஏசி அறைக்குள் காய்ந்து சுருதி ஏறும். பதிவுக்கு நடுவே வாசிப்பவர் கல்லை எடுத்துத் தட்டிப் பார்ப்பது இதனால்தான். இது சுருதி சேர்த்தல். வாசிப்பவரே தன் காதால், வாசிக்கும் முன் செய்வது.

கணினியில் நடப்பது வேறு. எண்ணெய் வளம் தேட நில அதிர்வலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதே கணித முறையைக் குரலுக்குத் திருப்பினார். 1997இல் ‘ஆட்டோ-ட்யூன்’ மென்பொருள் வெளிவந்தது. குரலின் அதிர்வெண்ணை அது கண்டுபிடித்து, நாம் தேர்ந்த சுரங்களில் எது அருகிலோ அங்கே தள்ளுகிறது. தள்ளும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் குரல் படிப்படியாகத் தாவும். அந்த எந்திரக்குரலை விரும்பிச் செய்பவர்களும் உண்டு. பிறகு வந்த ‘மெலோடைன்’ ஒவ்வொரு சுரத்தையும் கையால் பிடித்து நகர்த்த விடுகிறது.

நம் இசைக்கு இதில் இடர் இருக்கிறது. கணினியின் வழக்கமான அளவு, ஒரு ஸ்தாயியைச் சமமான 12 பங்காக்கியது. சுர இடைவெளியை அளக்கும் ‘செண்ட்’ கணக்கில் ஒரு பங்கு 100 செண்ட். அதன்படி, ‘க’வின் ஒரு வகையான அந்தர காந்தாரம் ‘ச’விலிருந்து 400 செண்ட். தம்பூராத் தந்தியில் இயல்பாக எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386. தம்பூராவைக் கேட்டு அதில் ஒன்றிப் பாடியவரை எந்திரம் 14 செண்ட் மேலே தூக்கிவிட்டு, ‘சரி’ என்று காட்டும்! தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) இடையே அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவே ராகம். வேகத்தைக் கூட்டி வைத்தால் அதையும் பிழையென்று நறுக்கிவிடும். இப்படிச் சுரத்தை அசைக்கும் கமகம் உள்ள இடங்களை விட்டுவிட்டு, நின்று பிசகிய சுரத்தை மட்டும் கையால் தொடுவதே முறை.

இதற்குச் ‘சுருதித் திருத்தம்’ என்பது பொருத்தமான பெயர். ஆட்டோ-ட்யூன் ஒரு மென்பொருளின் பெயர். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. “ட்யூன் பண்ணட்டுமா?” என்று கேட்டால், கருவியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பாடகர் தலையாட்டிவிடுவார். “பாடினதுல சுருதித் திருத்தம் செய்யட்டுமா?” என்று கேளுங்கள். “வேண்டாம், நானே இன்னொரு தடவ பாடுறேன்” என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கும்.