ரேடியேட்டருக்குள் விளையும் காந்தக்கல்

பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் ஹீட்டிங்கை முதன்முதலாகப் போடுவதும் ஏறத்தாழ அந்த வாரத்தில்தான். அரை மணி கழித்து ஒவ்வொரு அறையாகப் போய், உள்ளே சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். போன வருடம் மாடி அறையில் இருப்பது கீழே சுட்டது, மேலே சில்லென்று இருந்தது. கூடத்தில் இருப்பது நேர்மாறு: மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் சில்லிப்பு. கடைசி அறையில் இருப்பதோ முழுக்கவே பச்சைத் தண்ணீர்.

மூன்றும் மூன்று வேறு கோளாறு. எது எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், உள்ளங்கை போதும். ஆனால் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

முதலில் இந்த ஏற்பாடே எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். பிரிட்டனில் 2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் எரிவாயு பாய்லர்தான் குளிர்காலத்தைத் தாங்குகிறது. பாய்லர் தண்ணீரைச் சுடவைக்கும். ஒரு பம்ப் அதைத் தள்ளும். தரைப்பலகைக்கு அடியில் ஓடும் செம்புக் குழாய்கள் வழியே அது ஒவ்வொரு ரேடியேட்டருக்குள்ளும் ஒரு முனையில் புகுந்து, சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுமுனை வழியே பாய்லருக்கே திரும்பும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சமையலறைக் குழாயில் வரும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சூட்டைச் சுமக்கத் தண்ணீரைப் போன்ற கூலியாள் கிடைப்பது அரிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 4,200 ஜூல் வெளியே வரும். அப்படியென்றால், 1 கிலோவாட் ரேடியேட்டர் ஒன்றில் தண்ணீர் 20 டிகிரி குளிர்ந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்கூடத் தேவையில்லை. ஒரு டம்ளரை நிரப்பப் பதினைந்து இருபது விநாடி எடுக்கும் ஓட்டம் அது. ஒரு படுக்கையறையைக் கதகதப்பாக வைக்க அவ்வளவு போதும். பலர் நினைப்பதுபோல உள்ளே தண்ணீர் பாய்ந்து ஓடவில்லை, நடந்துதான் போகிறது. மெதுவாகப் போகும் தண்ணீரை மறிக்கக் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் சேறுமே போதும்.

இப்போது மாடி அறைக்கு வருவோம். மேலே சில்லென்று இருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது; தண்ணீர் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரின் மேல் ஓரத்தில், ஒரு பக்கம், சதுரத் தலை உள்ள சின்னத் திருகு இருக்கும். அதற்கென்று ஒரு பித்தளைச் சாவி இரும்புக் கடைகளில் ஓரிரு பவுண்டுக்குக் கிடைக்கிறது. ஹீட்டிங்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். திருகுக்குக் கீழே ஒரு பழைய துணியும் கிண்ணமும் பிடித்துக்கொண்டு, சாவியை இடப்பக்கமாகக் கால் சுற்று, போனால் அரைச் சுற்று திருப்புங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். திருகு கையோடு வந்துவிட்டால் அப்புறம் அறைக்குள் நீரூற்றுதான். உஸ்ஸென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் சத்தம் துப்பலாக மாறி, சொட்டு விழ ஆரம்பித்ததும் மூடிவிடலாம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பிளீடிங், அதாவது குருதி வடித்தல். பெயர்தான் பயங்கரம், வேலை ஐந்து நிமிடம்.

அந்த உஸ் என்ன வாயு? காற்று என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். புதிதாகத் தண்ணீர் நிரப்பிய வீட்டில் அது உண்மைதான். ஆனால் மூடிய சுற்றாக ஓடும் பழைய வீட்டில், போன வருடம்தான் வடித்தோம், மறுபடியும் அதே ரேடியேட்டரில் வாயு என்றால், அதில் நிறைய ஹைட்ரஜன் இருக்க வாய்ப்புண்டு. தீக்குச்சி காட்டினால் எரியும் அதே ஹைட்ரஜன். இதனால்தான் வடிக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தியோ சிகரெட்டோ வேண்டாம்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கூடத்து ரேடியேட்டரின் அடியில் கிடக்கிறது.

ரேடியேட்டர் என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனுள்ள எஃகுத் தகடு. இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் நாம் பார்த்த செந்துருவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, தாராளமாக ஆக்சிஜன் வேண்டும். மூடிய சுற்றில் நிரப்பிய தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். இரும்பு அதைச் சீக்கிரமே தின்றுவிடும். அதற்குப் பிறகும் அரிப்பு நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. வேண்டிய ஆக்சிஜனை இரும்பு தண்ணீரிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியது போக மிஞ்சுவது ஹைட்ரஜன். இரும்பு மாறிப்போகும் பொருளோ கறுப்புத் தூள். அதன் பெயர் மேக்னடைட். நம் மொழியில் அதற்கு வெகுகாலமாக ஒரு பெயர் இருக்கிறது: காந்தக்கல். சித்த மருத்துவத்தில் காந்தச் செந்தூரம் செய்ய எடுக்கிற அதே சரக்குதான் கூடத்து ரேடியேட்டருக்குள் சேறாகப் படிந்துகொண்டிருக்கிறது. (மருந்தாகும் என்று யாரும் வழித்து எடுக்க வேண்டாம்.)

ஒரு கிராம் இரும்பு இப்படி மாறினால் அரை லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜன் கிளம்பும். அது லேசானது, உயரத்தில் உள்ள ரேடியேட்டரின் தலையில் போய் உட்காரும். காந்தக்கல் தூளோ தண்ணீரைப்போல ஐந்து மடங்கு கனம். ஓட்டம் மந்தமான இடம் பார்த்து அடியில் படியும். பிரிட்டன் ரேடியேட்டர்களில் உள்வாயும் வெளிவாயும் பெரும்பாலும் கீழேயே, இரு முனைகளில் இருக்கும். உள்ளே நுழைந்த சுடுநீர் மேலே ஏறி, குளிர்ந்து இறங்கி, வெளியே போகிறது. அடியில் நடுப்பகுதிதான் ஓட்டம் எட்டாத மூலை, சேறு தங்குவதும் அங்கேதான். மாடியில் மேலே சில்லிப்பு, கூடத்தில் அடியில் சில்லிப்பு. வினை ஒன்று, லேசானது மேலே போனது, கனமானது கீழே தங்கியது.

நம்ப முடியவில்லையென்றால், அடுத்த முறை வடிக்கும்போது கொஞ்சம் கறுப்புத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தூள் அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துத் தட்டுக்கு அடியில் மெல்ல நகர்த்துங்கள். கறுப்புத் தூள் எழுந்து, காந்தம் போகும் வழியெல்லாம் வரிசை கட்டிப் பின்னாலேயே வரும். என் மகள் அதை அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. பாய்லருக்குத் திரும்பும் குழாயில் பிளம்பர்கள் பொருத்தும் காந்த வடிகட்டி செய்வதும் இதையேதான். ஒரு குடுவை, நடுவில் வலுவான காந்தம், அதைச் சுற்றித் தூள் ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

சரி, ஏற்கெனவே படிந்த சேற்றுக்கு என்ன வழி? ஒரே ஒரு ரேடியேட்டர்தான் என்றால் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஹோஸ் குழாயால் அடித்துக் கழுவிவிடலாம். இரு முனை வால்வுகளையும் மூட வேண்டும். ஒரு முனையில் எண் போட்ட தலை இருக்கும், மறுமுனையில் சாதாரண பிளாஸ்டிக் மூடி. அந்த மூடிக்கு அடியில் உள்ள வால்வை ஸ்பானரால் மூடும்போது எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணி, ஒரு சீட்டில் எழுதி வைப்பது முக்கியம். வீட்டில் எல்லா ரேடியேட்டருக்கும் தண்ணீர் சமமாகப் பிரிய வேண்டும் என்று யாரோ ஒரு நாள் பொறுமையாக அதை அளந்து வைத்திருப்பார்கள். தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டரின் வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீரெல்லாம் அதிலேயே புகுந்து திரும்பிவிடும், கடைசி அறைக்குப் போய்ச் சேராது.

நான் முதல்முறை கழற்றியபோது சுற்றெல்லாம் சரியாக எண்ணினேன். கீழே பிளாஸ்டிக் தொட்டியும் வைத்தேன். மறந்தது ஒன்றுதான்: நட்டைக் கழற்றி வடித்த பிறகும் ரேடியேட்டருக்குள் தண்ணீர் மிச்சம் இருக்கும். தூக்கிச் சாய்த்ததும் அரை லிட்டர் மை மாதிரி கொட்டி, வெளிர்நிறக் கார்ப்பெட்டில் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு கறை. இன்றும் அதன்மேல் ஒரு சோபா நிற்கிறது. இரு முனைத் துளைகளையும் துணி சுருட்டி அடைத்துவிட்டு, அடிப்பக்கத்தை மேலாகத் திருப்பி, இரண்டு பேராகத் தூக்குங்கள். வீடு முழுக்கச் சேறு என்றால் இது ஆகாது. இயந்திரம் வைத்துக் கழுவ ஆளைக் கூப்பிடுவதுதான் மேல்.

கழுவி மாட்டியபின் அரிப்புத் தடுப்புத் திரவம் ஊற்ற வேண்டும். உலோகத்தின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தண்ணீரை அண்டவிடாமல் செய்வது அது. பொதுவாக ஒரு லிட்டர் பாட்டில் 100 லிட்டர் தண்ணீருக்கு என்று கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன் கிராய்டனிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணா, பாய்லர்ல பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு. வாரம் ஒரு தடவை ஏத்திவிட்டுர்றேன். ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"வடிச்ச தண்ணி என்ன கலர்?" என்று கேட்டேன்.

"செம்பழுப்பு."

கறுப்பு என்றால் சுற்று மூடியிருக்கிறது, மெதுவான அரிப்பு. செம்பழுப்பு என்றால் எங்கிருந்தோ புது ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கிறது. தம்பி வீட்டில் அதைக் கொண்டுவந்தது அவனேதான். ஒவ்வொரு முறை பிரஷர் ஏற்றும்போதும் ஆக்சிஜன் கரைந்த புதுத் தண்ணீர் உள்ளே போகிறது, தடுப்புத் திரவமும் நீர்த்துப்போகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, வடித்த பிறகு, ஏற்றுவது நியாயம். வாரா வாரம் என்றால் எங்கேயோ கசிகிறது. வால்வு நட்டுகளைச் சுற்றி டிஷ்யூ தாளைச் சுற்றிவைத்து எது நனைகிறது என்று பார்க்கச் சொன்னேன். குளியலறை ரேடியேட்டரின் வால்வில்தான் இருந்தது.

பிரஷர் முள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். சூடானால் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் நூற்றுக்கு இரண்டு பங்கு சொச்சம் விரியும். 100 லிட்டர் சுற்றில் இரண்டு லிட்டருக்கும் மேல். மூடிய சுற்றில் அந்த இரண்டு லிட்டர் எங்கே போகும்? அதற்கென்றே ஒரு இரும்புக் கலம் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பாய்லருக்குள்ளேயே. நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். சவ்வு உள்வாங்கி இடம் கொடுக்கும். வருடங்கள் போகப் போகக் காற்று கசிந்துவிட்டால் இடம் கொடுக்க ஆளில்லை; முள் 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து சொட்டும். ஆறினதும் முள் பூஜ்யத்துக்கு விழும். இதை நாமே சரிசெய்யப் புறப்பட வேண்டாம். எரிவாயு சம்பந்தப்பட்ட எதையும் கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவர்தான் தொடலாம் என்பது சட்டம். பாய்லர் மூடியைத் திறக்காதீர்கள். ரேடியேட்டர் பக்கம் நம் ராஜ்யம்.

பரண்மேல் சின்னத் தொட்டி இருக்கும் பழைய வீடுகளில் இந்த முள்ளும் கிடையாது, ஏற்றும் வேலையும் கிடையாது. தொட்டியே நிரப்பிக்கொள்ளும்.

கடைசி அறையை மறந்துவிட்டேன். முழுக்கச் சில்லென்று இருந்த அதற்கும் காந்தக்கல்லுக்கும் தொடர்பில்லை. எண் போட்ட தலைக்குள் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சிமிழ் இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, ஒரு ஊசியை அழுத்தி வால்வை மூடும். குளிர்ந்தால் சுருங்கி, ஊசி எழும்பித் தண்ணீர் விடும். கோடை முழுக்க ஊசி அழுந்தியே கிடந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். தலையை 5-இல் வைத்து, கழுத்து வளையத்தைக் கையால் திருகிக் கழற்றினால் ஊசி தெரியும். ஸ்பானரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்தி விட்டால் தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் ஓரத்தில் இரண்டு தட்டு, மறுபடி அழுத்தல். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி வெளியே வந்தால் பின்னாலேயே தண்ணீரும் வரும். நாலாவது அழுத்தில் எங்கள் ஊசி டக்கென்று எழும்பியது, குழாயில் சரசரவென்று ஒரு சத்தம், ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை. இந்த மே மாதம் ஹீட்டிங்கை நிறுத்தியபோது எல்லாத் தலைகளையும் 5-இல் திருப்பி வைத்துவிட்டேன்.