டயர் நழுவப் போவது கைக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது?

அசெட்டோ கோர்சா, ஐரேசிங், கிரான் டூரிஸ்மோ மாதிரியான ரேஸிங் சிமுலேட்டர்களை ஆட ஆரம்பித்தவர்கள் ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்: கன்ட்ரோலரே போதுமா, ஸ்டீரிங் வாங்கித்தான் ஆக வேண்டுமா? "ஸ்டீரிங் இருந்தால் நிஜ கார் ஓட்டுவது மாதிரியே இருக்கும்" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். அதில் தவறில்லை. ஆனால் முக்கியமான விஷயம் அதில் விட்டுப்போகிறது. கன்ட்ரோலரில் நாம் காருக்குக் கட்டளை மட்டும்தான் கொடுக்கிறோம். ஸ்டீரிங்கில் கட்டளை போகும் அதே வழியாகப் பதிலும் திரும்பி வருகிறது. அந்தப் பதில் டயருக்கு அடியில் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வளைவில் போகும் கார், முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே அப்படியே போய்விடுவதில்லை. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் நடுவில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். இதற்கு நழுவல் கோணம் என்று பெயர். இந்தக் கோணம் இல்லாவிட்டால் டயரால் காரைப் பக்கவாட்டில் இழுக்கவே முடியாது.

டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்த இடத்தின் முன்விளிம்பில் அப்போதுதான் வந்து படியும் ரப்பர் கிட்டத்தட்ட வளையாமல் இருக்கும். டயர் உருள உருள அதே ரப்பர் பின்பக்கம் போகிறது. அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்க, மேல்பாகம் சக்கரத்தோடு போகப் பார்க்க, ரப்பர் பக்கவாட்டில் மேலும் மேலும் இழுபடுகிறது. அதனால் பக்கவாட்டு விசையின் பெரும்பங்கு பின்பாதியில்தான் பிறக்கிறது. மொத்த விசையையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தால், அந்தப் புள்ளி டயரின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். ஓரிரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன தூரம் நெம்புகோலாக வேலை செய்து, சக்கரத்தை மறுபடியும் நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டீரிங் கனமாவதற்கும், பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்குத் திரும்புவதற்கும் ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் சஸ்பென்ஷன் அமைப்பில் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தான் திரும்பும் செங்குத்து அச்சுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே வருவதால்தான், வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. காரின் முன்சக்கரமும் அதே தத்துவத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது.

இப்போது நழுவல் கோணம் கூடினால் என்ன ஆகும்? பக்கவாட்டு விசை கூடிக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொடும். ஆனால் ஸ்டீரிங்கை நேராக்கப் பார்க்கும் விசை அதற்கு முன்பே, பெரும்பாலும் பாதி வழியிலேயே, தன் உச்சத்தைத் தாண்டிவிடும். காரணம், அதிகம் இழுபட்டிருக்கும் பின்பகுதி ரப்பர்தான் முதலில் பிடி விட்டுச் சறுக்க ஆரம்பிக்கிறது. அங்கே இழுப்பு குறைய, விசையின் புள்ளி நடுவை நோக்கி நகர்கிறது. நெம்புகோல் சுருங்குகிறது. அதாவது டயரில் இன்னும் கொஞ்சம் பிடி மிச்சம் இருக்கும்போதே ஸ்டீரிங்கின் கனம் குறையத் தொடங்கிவிடுகிறது. ஓட்டுநருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தின் கடைசி வளைவான பாராபோலிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட வலது வளைவு, உள்ளே போகும்போதே நல்ல வேகம். பிரேக்கை விட்டு ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கையில் கனம் ஏறும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அந்த ஏற்றம் நின்றுவிடும். அதற்கு மேலும் திருப்பினால், கோணம் கூடுகிறது, கனமோ குறைகிறது. அந்த நொடியில் செய்ய வேண்டியது இன்னும் திருப்புவது அல்ல, ஒரு சில டிகிரி நேர்ப்பக்கமாகத் தளர்த்துவது. திரையில் கார் வெளிப்பக்கம் ஒதுங்குவது கண்ணுக்குத் தெரிவதற்குள் கை வேலையை முடித்துவிட்டிருக்கும்.

விளையாட்டுக்குள் இதெல்லாம் கணக்குதான். அசெட்டோ கோர்சா நொடிக்கு 333 முறையும், ஐரேசிங் 360 முறையும் காரின் இயக்கத்தைக் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு பாரம், என்ன கோணம், என்ன விசை என்று பார்த்து, கடைசியில் ஸ்டீரிங் தண்டில் எவ்வளவு முறுக்கு விசை வர வேண்டும் என்ற எண்ணுக்கு வந்து சேர்கின்றன. அந்த எண் ஸ்டீரிங்குக்குள் இருக்கும் மோட்டாருக்குப் போகிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

அந்த எண் கைக்கு எவ்வளவு சுத்தமாக வந்து சேர்கிறது என்பது மோட்டாருக்கும் கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லாஜிடெக் ஜி29 போன்றவற்றில் பல்சக்கரங்கள். கட்டுறுதியானவை, ஆனால் பற்களுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி நுணுக்கமான மாற்றங்களை விழுங்கிவிடும். பெல்ட் வைத்தவை மென்மையாக இருக்கும், கூர்மை கொஞ்சம் மழுங்கும். டைரக்ட் டிரைவ் என்றால் ஸ்டீரிங் நேராக மோட்டார் தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஜி29 தரும் முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி என்ற டைரக்ட் டிரைவ் மாடல் 5 தரும், பெரிய பவர் சப்ளை மாட்டினால் 8.

பலமான மோட்டார் வேண்டும் என்பது கையை வலிக்க வைப்பதற்காக அல்ல. சின்ன மோட்டாரிடம் அதன் சக்திக்கு மேல் கேட்டால், உச்சத்தில் போய் அப்படியே நின்றுவிடும். டயரின் விசை கூடினாலும் குறைந்தாலும் கையில் ஒரே கனம்தான் இருக்கும். இதை கிளிப்பிங் என்கிறார்கள். நான் மேலே சொன்ன அந்த அருமையான எச்சரிக்கை இதில் முழுசாகத் தொலைந்துபோகும். வாங்கிய புதிதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பலத்தை 100 சதவீதத்தில் வைத்து ஓட்டுபவர்கள், காசு கொடுத்து வாங்கிய விஷயத்தையே இழக்கிறார்கள். பலத்தைக் குறைத்துப் பாருங்கள், டயர் பேச ஆரம்பிக்கும்.

சரி, கன்ட்ரோலருக்கு வருவோம். 30 செ.மீ. விட்டமும் 900 டிகிரி சுழற்சியும் உள்ள ஸ்டீரிங்கில், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கை நகரும் தூரம் சுமார் 2.35 மீட்டர். கட்டைவிரலால் தள்ளும் குச்சி மொத்தமாக நகர்வது ஏறக்குறைய 2 செ.மீ. அப்படிப் பார்த்தால், ஸ்டீரிங்கில் கை நடுங்கினால் பொருட்டே இல்லை, குச்சியில் விரல் நடுங்கினால் லேன் மாறிவிடும்.

அதனால் விளையாட்டு குறுக்கே வந்து உதவுகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் குச்சியை முழுசாகத் தள்ளினாலும் முன்சக்கரம் சில டிகிரிதான் திரும்பும்படி வேகத்துக்கு ஏற்ப வரம்பு வைக்கிறார்கள். விரல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கோடிக்குப் போய்விடும், காரின் சக்கரம் அப்படிப் பாய்ந்தால் டயர் பிடியை விட்டுவிடும். ஆகவே சக்கரம் திரும்பும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறார்கள். குச்சியின் நடுப்பகுதியில் அசைவு மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் இருக்கும்படி வளைகோடு ஒன்றையும் சேர்க்கிறார்கள். ஆக, கன்ட்ரோலரில் உங்கள் விரல் சொல்வது ஒரு விருப்பம். சக்கரத்தை எவ்வளவு திருப்புவது என்று கடைசியில் முடிவு செய்வது மென்பொருள். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2 செ.மீ. குச்சியில் ஒரு ரேஸ் காரை ஓட்ட வைப்பது அருமையான பொறியியல்.

ஆனால் திரும்பி வரும் பதில்? குச்சிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் ஒரே பலத்தில்தான் விரலை நடுவுக்குத் தள்ளும். டயர் கெட்டியாகப் பிடித்திருந்தாலும் சறுக்கிக்கொண்டிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மீதமிருப்பது அதிர்வு. கைப்பிடிக்குள் ஒருபக்கம் எடை கூடிய சின்ன மோட்டார்கள் சுற்றுகின்றன. ஏதோ நடக்கிறது என்று அவை சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன், பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் சுட்டுவிரலால் இழுக்கும் டிரிகரிலேயே அதிர்வைக் கொண்டுவந்தது. 2020இல் பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ், விரலை எதிர்த்துத் தள்ளும் டிரிகரைக் கொண்டுவந்தது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வதை விரலுக்குச் சொல்ல இவை நன்றாக உதவுகின்றன. திருப்பும் விரலுக்கு மட்டும் இன்னும் செய்தி இல்லை. கன்ட்ரோலரில் வேகமாக ஓட்டுபவர்கள் அந்தக் குறையைக் காதால் ஈடுகட்டுகிறார்கள். டயர் முனகல் கிறீச்சாக மாறும் இடம்தான் அவர்களுக்கு எல்லைக்கோடு.

பின்பக்கம் சறுக்கும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். காரின் வால் வெளியே போனாலும் முன்சக்கரங்கள் கார் உண்மையில் போகும் திசையைப் பார்க்கவே திரும்பும். அதோடு ஸ்டீரிங்கும் தானாக எதிர்ப்பக்கம் சுழலும். பழகியவர்கள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி அதைச் சுழல விட்டு, சரியான இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். கன்ட்ரோலரில் அந்தக் கோணத்தை நாமேதான் ஊகித்துத் தள்ள வேண்டும்.

நிஜ காரில் இந்தச் சறுக்கலை முதலில் உணர்வது இடுப்பும் உள்காதும். வீட்டு நாற்காலியில் அது கிடையாது. இருந்தும் சிமுலேட்டரில் கற்றது வீண்போவதில்லை. 2008இல் கிரான் டூரிஸ்மோவை வைத்து நடந்த ஜிடி அகாடமி போட்டியில் வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 என்ற ரேஸ் கார் பிரிவில் தன் அணியோடு இரண்டாவதாக வந்தார்.

அப்புறம் பெடல். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். ரேஸ் காரின் பிரேக் பெடல் அதிக தூரம் அமுங்காது, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதுதான் கணக்கு. மலிவான பெடல்கள் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அளக்கின்றன. லோட் செல் வைத்தவை மிதிக்கும் பலத்தை அளக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் போட, பலத்தை வைத்துப் பழகுவது காலுக்கு எளிது. வளைவுக்குள் நுழைந்தபடியே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது அந்தக் கட்டுப்பாடுதான் நேரத்தைச் சம்பாதித்துத் தரும். அதனால் ஏற்கெனவே சாதாரண ஸ்டீரிங் வைத்திருப்பவர்கள், பெரிய மோட்டாருக்குப் போவதற்கு முன் பிரேக் பெடலை மாற்றுவதே நல்லது.

கன்ட்ரோலரிலேயே தொடர்பவர்கள் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். அசெட்டோ கோர்சாவில் ஸ்பீட் சென்சிடிவிட்டி, ஸ்டீர் ஃபில்டர், ஸ்டீர் காமா என்று மூன்று அளவுகள் இருக்கும். முதலாவது வேகத்துக்கு ஏற்ப வைக்கும் வரம்பு, இரண்டாவது சக்கரம் திரும்பும் வேகத்தை மட்டுப்படுத்துவது, மூன்றாவது அந்த வளைகோடு. ஒரே கார், ஒரே டிராக், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரைக் குறைத்தால் கார் விரலுக்கு உடனே பதில் சொல்லும், ஆனால் பதற்றமாக இருக்கும். உங்கள் விரல் சமாளிக்கும் இடம் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.