ஐ5 என்றால், எந்த ஐ5?

சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர், டிடிபி கடை, பள்ளி அலுவலகம் என்று எல்லாரும் வாடிக்கையாளர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து இவர்கள் அத்தனை பேரும் கேட்பது ஒன்றைத்தான்: “இந்த சிஸ்டத்தை மாற்றியே ஆக வேண்டுமா?” கேட்பதற்கு முன்பே அவர்கள் காதில் இரண்டு பதில்கள் விழுந்திருக்கும். விற்கிற கடைக்காரர் “இனிமேல் இது உதவாது, புதியது எடுத்துவிடுங்கள்” என்றிருப்பார். பக்கத்துக் கடைக்காரர் “என்னுடையது நன்றாகத்தானே ஓடுகிறது, பேசாமல் இருங்கள்” என்றிருப்பார். இரண்டையும் நம்ப வேண்டாம்.

ஓடுவதற்கு ஒரு குறையும் இல்லைதான். நின்றுபோனது, விண்டோஸில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை மாதாமாதம் அடைக்கும் வேலை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டி, திறந்துவிடப் பணம் கேட்டது; பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10-க்கு இப்போதும், அதோடு சேர்ந்தே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. 2028 வரை வரும். அதைக் காட்டி “அப்டேட் வருகிறதே” என்பவர்கள் உண்டு. வருவது திருடர்களின் அடையாளப் பட்டியல் மட்டும். உடைந்த தாழ்ப்பாளை அது சரிசெய்யாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பிராசசரின் எண். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் ஒரு வரியில் இருக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல். ஐ5-8250யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 8 தலைமுறையைச் சொல்கிறது, தப்பித்தீர்கள். ஐ5-7200யு என்றால் இல்லை. “ஐ5 வைத்திருக்கிறேன்” என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. 2010-இல் வந்ததும் ஐ5, 2020-இல் வந்ததும் ஐ5.

எட்டாம் தலைமுறை வைத்திருந்தும் ‘இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது’ என்று திரையில் வந்ததால் புதியது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சல் அதுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அந்தக் கணினிகளில் பெரும்பாலும் அது பிராசசரோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் பல டெஸ்க்டாப் மதர்போர்டுகள் அதை அணைத்து வைத்தே விற்பனைக்கு வந்தன. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற வரியை இயக்கிவிட்டால் அதே கணினி தகுதி பெற்றுவிடும். பழைய முறையில் பிரித்த டிஸ்க் என்றால் அதையும் ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். விவரம் தெரிந்தவருக்கு ஒரு மதிய வேலை. ஒன்று மட்டும்: டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி போட்டிருக்கும் கணினியில் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸைத் தொடாதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் கிடைக்கும் பழைய கம்பெனி லேப்டாப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல உழைப்பாளி வகை; கல்லூரிப் பிள்ளைகளுக்கு நானே வாங்கச் சொல்வேன். ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் போட்டு, “லேட்டஸ்ட் ஓஎஸ்” என்று விற்பதும் நடக்கிறது. திரையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தருவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரும் பெரிய பதிப்பும் தானாக இறங்காமல் போகலாம். விலையைப் பேசுவதற்கு முன் பிராசசர் எண்ணைக் கேளுங்கள்.

லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை ஓட்ட வைக்கும் ‘கிராக்’ விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஒரு பள்ளி அலுவலகக் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி: சி டிரைவ். மொத்த டிரைவையும் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்கு யாரோ கட்டளையிட்டிருக்கிறார். ஆக்டிவேஷனுக்காகப் போட்ட கிராக் கோப்பை டிஃபெண்டர் அழித்துவிடும் என்பதால் ஃபார்மட் அடித்தவர் செய்த ஏற்பாடு. மூலையில் பச்சை டிக் மட்டும் ஜம்மென்று இருந்தது. மாணவர்களின் ஆதார் நகல்கள் முழுவதும் அந்தக் கணினியில்தான். ஃபார்மட் அடித்த பையனைத் திட்டிப் பயனில்லை. லைசென்ஸுக்குப் பணம் கேட்டால் “அந்தக் கடையில் சும்மா போட்டுத் தருகிறார்களே” என்று எழுந்து போவது நாம்தான். உங்கள் கணினியில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது இருந்தால், போட்டவரிடமே காரணம் கேளுங்கள்.

பிராசசர் உண்மையிலேயே பழையது என்றால்? வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள வழி தந்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அவர்களின் கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசில்லை. சேமிக்க வேண்டாம் என்றால் 30 டாலர். சும்மா தருவதுபோல் கொடுத்து நம்மைக் கணக்கு திறக்க வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களுக்குக் கதை வேறு: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புதியது வாங்குவதே மேல் என்று பல அலுவலகங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் அந்த விலை.

உலாவியும் கடிதமும் கணக்குத் தாளும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் பத்து வயது லேப்டாப்பும் சுறுசுறுப்பாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. ஆனால் ஆடிட்டர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கணக்கு எழுதும் மென்பொருளான டாலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனோடும் மல்லுக்கட்ட நேரிடும். மார்ச் மாதக் கடைசியில் அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

டிடிபி கடைகள் தனி உலகம். அவர்கள் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-இல். அதற்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வருடக்கணக்கான கோப்புகள் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்தக் கணினியை மாற்றச் சொன்னால் கடையையே மாற்றச் சொல்வதுபோல் பார்ப்பார்கள். நியாயம்தான். மாற்ற வேண்டாம், நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளரின் பென் டிரைவை முதலில் வேறு கணினியில் சோதித்துவிட்டு இதில் செருகுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்குவதென முடிவு செய்திருந்தால், கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது அழிப்பதாகாது. மீட்டெடுக்கும் மென்பொருள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. டிஸ்க் இல்லை என்று கடைக்காரர் கொஞ்சம் விலையைக் குறைப்பார். குறைத்துக்கொள்ளட்டும்.