வீட்டுமனை வாங்குமுன் ஊர் வரைபடத்தையும் பாருங்கள்

"சார், இது அப்ரூவ்டு மனைதானே?" மனை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவே. பட்டா சரியாக இருக்கிறது, வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று, மூலப்பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார், வங்கியும் கடன் தரத் தயார். இவ்வளவு கவனமாக இருப்பவர்கள்கூட, தாங்கள் வாங்கும் மனைக்கு நாலு பக்கமும் உள்ள நிலம் நாளைக்கு என்னவாகப் போகிறது என்று கேட்பதில்லை. பின்னால் காலியாகக் கிடக்கும் வயல் தொழிற்சாலைப் பகுதியில் வருகிறதா? எதிரே வரப்போகும் சாலை எத்தனை அடி? மேட்டில் பெய்யும் மழை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது? நாம் மனை பார்க்கப் போவதற்குப் பல வருஷம் முன்பே இதற்கெல்லாம் ஒரு வரைபடத்தில் பதில் எழுதப்பட்டுவிடுகிறது.

மாஸ்டர் பிளான் என்று நகரமைப்பு வேலையில் இருக்கும் நாங்கள் சொல்வது அந்த வரைபடத்தையும், அதோடு சேர்ந்த விதிகளையும்தான். அரசாணைகளில் முழுமைத் திட்டம் என்று இருக்கும். 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இது தயாராகிறது. சென்னைப் பெருநகருக்கு அதைத் தயாரிப்பது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). எந்த சர்வே எண்ணில் குடியிருப்பு, எதில் வணிகம், எதில் தொழில், எது விவசாயமாகவே இருக்க வேண்டும், எங்கே கட்டவே கூடாது என்பதை இது சொல்கிறது. "இங்கே வேண்டாம்" என்று சொல்லும் சந்தர்ப்பம் ஒரு ஊருக்கு இந்தக் கட்டத்தில்தான் மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தவறவிட்டால், அப்புறம் மழைநீர் வடிகால், மோட்டார் பம்பு, படகு, நிவாரணத் தொகை என்று தலைமுறை தலைமுறையாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் பெரும் சதுப்பு நிலம் அது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது, இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் சதுப்பாக மிஞ்சியிருக்கிறது என்பது பொதுவான கணிப்பு. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அங்கேதான் வந்து சேர வேண்டும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. நம் முன்னோர் ஏரிக்கு ஏரி கால்வாய் வெட்டி இப்படி வைத்திருந்தார்கள். சதுப்பில் தேங்கிய நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். அத்தனை பெரிய பரப்பின் தண்ணீருக்கு முக்கியமான வாசல் அந்த ஒரு மடுவுதான்.

வருவாய்க் கணக்கில் இந்த நிலத்தின் பெரும்பகுதி வெறும் புறம்போக்கு. பயன் இல்லாத இடம், சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். பெருங்குடியில் மாநகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. ரயில் தடம் வந்தது, சாலைகள் குறுக்கே போயின, அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கே அங்கே வளாகம் கிடைத்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஐடி கம்பெனிகள் வந்த பிறகு, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வீடு வேண்டுமே என்று சுற்றியிருந்த தாழ்ந்த நிலம் முழுவதும் மனையாகிவிட்டது. தனியார் ஆக்கிரமிப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அரசே முதலில் வழிகாட்டியது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் என்ன செய்தன என்று வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் பெரும்பாக்கம். அடையாறு, கூவம் கரைகளில் வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றப்பட்ட குடும்பங்களை, சதுப்பின் ஓரத்தில் கட்டிய அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அங்கும் தண்ணீர் வந்தது. பிழைப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பழகிய தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நில மட்ட வரைபடத்தை விரித்து வைத்து ஒருவராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டாமா? 2022-ல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ச்சிதான். மிஞ்சியதைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் வராமல் தடுக்க அதனால் முடியாது.

என் வேலையில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவு. வாங்கப் போகிறவர் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். விளம்பரத் தாளில் முப்பது அடி தார்ச்சாலை, இரண்டு பக்கமும் மரம், எல்லாம் அழகாக இருந்தது. அந்த கிராமத்தின் புலப்படத்தை, அதாவது சர்வே எண்களின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடத்தை, எடுத்து மனைப்பிரிவு வரைபடத்தின்மேல் அளவு சரிசெய்து வைத்துப் பார்த்தோம். தார்ச்சாலை போகிற அதே இடத்தில் புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் ஓடியது. மேலே உள்ள ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலில் தொடங்கிக் கீழே உள்ள ஏரிவரை போகிறது. எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் கிராம அ-பதிவேட்டைத் திறந்தால் அந்த உட்பிரிவுக்கு நேரே "அரசு புறம்போக்கு, வாய்க்கால்" என்று தெளிவாகவே இருக்கிறது. அவருடைய மனை வாய்க்காலில் இல்லை, அதை ஒட்டிய பட்டா நிலத்தில் இருந்தது. அவர் கையில் இருந்த ஆவணம் ஒன்றிலும் பொய் கிடையாது. பட்டா அவர் சர்வே எண்ணைப் பற்றித்தான் பேசும், பக்கத்து சர்வே எண்ணைப் பற்றி வாய் திறக்காது. அவர் முன்பணம் கொடுக்காமல் விலகிவிட்டார். அதே மனை பிறகு வேறொருவருக்கு விற்றுப்போனது.

தனி ஆளின் முன்னெச்சரிக்கை அவரை மட்டுமே காப்பாற்றும் என்பது அங்கே எனக்கு உறைத்தது. அந்த வாய்க்கால் சாலையாக ஆகாமல் தடுக்க, ஊர் அளவில் யாராவது அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அனுமதியில்லாத மனைகளின் கதையும் இதேதான். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு அரசு, கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது, 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்கு. சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் கட்டியதும் காகிதம் சரியாகிறது, பதினைந்து அடித் தெரு பதினைந்து அடியாகவே இருக்கிறது. திறந்தவெளிக்கான பணம் வசூலாகிறது, அந்தத் தெருவில் விளையாட இடம் வருவதில்லை. தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத பகுதிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். முறையான மனைப்பிரிவில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. உங்கள் பகுதியில் அந்த நிலம் எங்கே என்று இன்றைக்கே விசாரியுங்கள். வேலி போடாத பூங்கா இடம் நெடுநாள் பூங்காவாக இருப்பதில்லை.

திட்டமிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்குப் புழலைக் காட்டுவேன். சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அடர்த்தியாகக் கட்டக் கூடாது என்று மாஸ்டர் பிளான் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரை மணலில் நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்கும் அப்படியே. இவற்றைத் தளர்த்துங்கள் என்ற கோரிக்கை ஓய்ந்ததே இல்லை. நிலம் வைத்திருப்பவர்களின் வருத்தமும் நியாயமானது, ஊருக்காக அவர்கள் நிலத்தின் விலை குறைகிறது. அதற்கு ஈடு என்ன என்று பேசித்தான் ஆக வேண்டும். கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது அதற்கு வழியாகாது.

கோயம்பேடும் ஒரு நல்ல பாடம். ஜார்ஜ் டவுன் நெரிசலில் திணறிய கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் அங்கே போனது, வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002-ல். 1970-களின் முதல் மாஸ்டர் பிளான் காலத்து யோசனை நிறைவேற இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது, ஆனால் அதற்கான நிலம் இருந்தது. இடத்தை ஒதுக்கி வைத்தால் காசு பிறகு வரும். காசை வைத்துக்கொண்டு இடம் தேடினால் கிடைக்காது. கிளாம்பாக்கத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது: 2023 டிசம்பர் 30-ல் பேருந்து நிலையம் திறந்தபோது வாசலில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தார்கள். எது முதலில், எது அடுத்தது என்ற வரிசையும் திட்டமிடலில் சேர்ந்ததுதான்.

சரி, இதை இப்போது ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2008-ல் வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்தது 2046 வரைக்கும் பேசப்போகிறது. அதற்கிடையில் 2022-ல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்துவிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கிராமங்களோடு அரக்கோணம் பக்கமும் அதற்குள் வந்திருக்கிறது. ஏரிப் பாசனம் இன்னும் உயிரோடு இருக்கும் நூற்றுக்கணக்கான ஊர்கள் அவை. அங்கே உள்ள பலருக்குத் தங்கள் வயலின் தலையெழுத்து ஒரு வரைபடத்தில் மாறப்போகிறது என்பதே தெரியாது. தரகர்களுக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கரணைக்கு நடந்தது அந்த ஏரிகளுக்கும் நடக்க வேண்டுமா என்பது இந்தச் சில வருஷங்களில் முடிவாகிவிடும்.

வரைவு மாஸ்டர் பிளான் வெளியானால் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் கழிந்துவிடக் கூடாது. கிராம சபையில் கேளுங்கள், குடியிருப்போர் சங்கத்தில் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டுங்கள். பட்டா, புலப்படம், அ-பதிவேடு மூன்றையும் தமிழக அரசின் இ-சேவை இணையதளத்திலேயே எடுக்கலாம். இப்போதைய திட்டத்தில் ஒரு சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று சிஎம்டிஏ இணையதளத்தில் பார்க்கலாம். மனை வாங்குபவர்கள் தங்கள் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நடந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாடு மேய்த்தவருக்குத் தெரிந்த நீரோட்டம் பல நேரம் எங்கள் கணினியில் இருக்காது.

ஆட்சேபணை எழுதும்போது "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அதை வைத்து அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, வரைவில் அது எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, பதிவேட்டில் என்னவாக இருக்கிறது, நீங்கள் கேட்கும் மாற்றம் என்ன என்று எழுதுங்கள். புலப்பட நகலில் வாய்க்காலை நிறப் பேனாவால் காட்டி இணையுங்கள். வெள்ளத்தில் எடுத்த போட்டோ இருந்தால் தேதியோடு வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் திட்டம் முடிவான பிறகும் நில வகைப்பாட்டை மாற்றச் சொல்லி அதே சர்வே எண்ணுக்குத் தனி விண்ணப்பம் வரலாம். அப்போது பேப்பரில் ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் வரும். உங்கள் ஊர் பெயர் கண்ணில் பட்டால், அந்த நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.