பூனையின் தையல் காயத்தில் எதையும் பூசாதீர்கள்

கருத்தடை ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன பெண் பூனை, காயம் கெட்டுத் திரும்பி வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். பூனை நக்கியிருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் யாரோ பாவம் பார்த்து எதையோ பூசியிருப்பார்கள்.

வெளியே தெரிவது இரண்டு மூன்று சென்றிமீற்றர் கோடு. உள்ளே வயிற்றுச் சுவருக்கும் தனித் தையல் இருக்கிறது. தோல் சில நாளிலேயே ஒட்டியது போலத் தெரியும். உள்தையலுக்கு 10 முதல் 14 நாளாவது பாய்ச்சலும் ஓட்டமும் இல்லாத ஓய்வு வேண்டும். மூன்றாம் நாளே பூனை அலுமாரிக்கு மேல் பாயப் பார்க்கும், விடாதீர்கள். பல்கனிக் கதவைச் சாத்தி, ஏறக்கூடிய சாமான் குறைந்த ஓர் அறையில் வையுங்கள்.

பூனையின் நாக்கு முழுக்கப் பின்பக்கம் வளைந்த சிறு முட்கள். விடாமல் நக்கினால் ஓர் இரவுக்குள் தையல் பிரிந்துவிடும். அதனால் வாய் காயத்துக்கு எட்டாதபடி கழுத்தில் மாட்டும் கூம்பு இரவும் பகலும் இருக்க வேண்டும். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு சென்றிமீற்றராவது நீள வேண்டும்; கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டுக்குக் கழற்றினால் பக்கத்திலேயே இருந்து, முடிந்தவுடன் மாட்டுங்கள். "பாவம், கொஞ்ச நேரம்" என்று கழற்றிவிட்டுக் குசினிக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் அநேகமான தையல்கள் போகின்றன.

மஞ்சள் பூசினால் காயம் சிவந்திருக்கிறதா என்றே பார்க்க முடியாது. தேங்காய் எண்ணெய் காயத்தை ஈரமாக வைத்து, நக்கவும் தூண்டும். டெட்டோல் பூனைக்கு நஞ்சு. பனடோல் அதைவிட மோசம்: அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, ஒரு 500 மில்லிகிராம் குளிசையே உயிரை எடுக்கும். வலிக்கு மிருக வைத்தியர் தந்த மருந்தை, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

கொழும்பின் புழுக்கத்தில் ஈரக் காயத்தை இலையான் தேடி வரும். முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைக்கலாம். காயம் காய்ந்திருந்தால் இந்தப் பயம் பெரிதாக இல்லை. குளிப்பாட்ட வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பலர் பூனை மலசலம் கழிக்கும் தட்டில் கடல் மணல் போடுகிறார்கள். அது தையலில் ஒட்டும். தையல் ஆறும்வரை கிழித்த பத்திரிகைத்தாள் போதும்.

ஒரு வாரமளவில் தையலுக்குக் கீழே கெட்டியான சிறு தடிப்பு வருவதுண்டு. கரையும் தையல் நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. நீர், சூடு, வலி இல்லையென்றால் சில வாரங்களில் தானாக வற்றும். தடிப்பு மெத்தென்று இருந்து நாளுக்கு நாள் பெருத்தால் கதை வேறு. உள்தையல் விட்டிருக்கலாம், அமுக்கிப் பார்க்காமல் கொண்டு வாருங்கள்.

சீழ், நாற்றம், சொட்டும் இரத்தம், வெளிறிய முரசு (பல் ஈறு), 24 மணி நேரமாகச் சாப்பிடாமை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். காயம் திறந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி, நக்க விடாமல் அந்த நிமிடமே புறப்படுங்கள். இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை ஒப்பரேஷன் முடிந்து பூனையை வீட்டுக்குக் கூட்டிப் போகும்போதே கேட்டு வையுங்கள்.