எட்டாம் காலத்தில் தாளம் சுருதியாகும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லண்டனைச் சேர்ந்த ஃபோர் டெட் என்பவர் லதா மங்கேஷ்கர் குரலை எலக்ட்ரானிக் இசைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, அதைக் கேட்டாராம். அதே வகையில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனபோது ஒரு பாட்டில் பறை மாதிரி ஏதோ ஒன்று சிடி சிக்கிக்கொண்டதுபோல 'தத்தத்தத்தர்ர்ர்' என்று ஓடி, அப்புறம் அந்தச் சத்தமே ஊதலாக மாறி மேலே ஏறிப்போயிருக்கிறது. அது என்ன வாத்தியம் என்பதுதான் கேள்வி.

தனியாக வாத்தியம் எதுவும் இல்லை. முதலில் கேட்ட அதே தோல்தான் கடைசியில் ஊதியதும்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபோர் டெட்டின் சொந்தப் பெயர் கீரன் ஹெப்டன். டெக்ஸ்ட் ரெக்கார்ட்ஸ் என்று தனக்கென ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டு இசை வெளியிடுகிறவர். லதாவின் குரல் வரும் ஆல்பம் 2015-இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு சிரியாவின் கல்யாண வீட்டுப் பாடகர் உமர் சுலைமானின் ஆல்பம் ஒன்றையும் தயாரித்துக் கொடுத்தார். இந்த ரகத் தயாரிப்பாளர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒரு பறையோ குரலோ கிடைத்தாலும் எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி வேறு மாதிரி கோத்துவிடுவார்கள். அதில் ஒரு கிளைக்கு 'கிளிட்ச்' என்று பெயர், கோளாறு என்று பொருள். 1990-களில் ஜெர்மனியின் ஓவல் குழு சிடியின் அடியில் பேனாவால் கிறுக்கி, பிளேயர் திக்கித் திணறுவதையே பதிவுசெய்து இசையாக்கியது. சிடி பிளேயர் லேசுப்பட்டதல்ல, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும், அதைத் தாண்டிக் கெடுத்தால்தான் திக்கும். இன்று சிடியைப் பாழாக்கத் தேவையில்லை. மென்பொருளில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் போதும். பிரையன் டிரான்சோ என்ற அமெரிக்கர் ஒரே பாட்டில் குரலை 6,178 இடங்களில் வெட்டி கின்னஸில் இடம்பிடித்திருக்கிறார். பொறுமைசாலி.

சரி, விஷயத்துக்கு வருவோம். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் என் அக்கா மகனை ஒரு 'தா' வாசிக்கச் சொல்லி போனில் பதிவுசெய்தேன். கணினியில் அதை வினாடிக்கு இரண்டு முறை ஒலிக்கவிட்டேன். இதை முதல் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசையில் வேகம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு காலம். இரண்டாம் காலம் 4, மூன்றாம் காலம் 8. இது வரைக்கும் மனிதக் கை வாசிக்கும். நான்காம் காலம் 16, படபடவென்று ஓடும் பழைய ஸ்கூட்டர். ஐந்தாம் காலம் 32-இல்தான் அந்த வேடிக்கை. அடிகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு ஒரு உறுமலாகிவிடுகின்றன. எண்ணிப் பார்க்க நினைத்தாலும் காது எண்ணாது. ஆறாம் காலம் 64, ஏழாம் காலம் 128, எட்டாம் காலம் 256. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிவிட்டுக் காதருகே வைத்துப் பார்த்தோமே, அந்த 256 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 256 அதிர்வு) இசைக்கவையின் அதே சுருதி! கூடவே பாடலாம், நான் பாடியும் பார்த்தேன்.

ஏன் இப்படி ஆகிறது? காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் நத்தைச்சுருளை நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதனுள் ஓடும் சவ்வின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கு ஆடும். அடிகள் மெதுவாக வரும்போது, ஒரு அடிக்குச் சவ்வு ஆடி அடங்கிய பிறகே அடுத்தது வருகிறது, அதனால் தனித்தனியாகக் கேட்கிறது. வேகம் கூடினால் அடங்க நேரமில்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி, 256-க்கு உரிய இடம் நிற்காமல் ஆடத் தொடங்குகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. வினாடிக்கு 256 முறை என்றால் ஒரு துண்டின் நீளம் 4 மில்லிவினாடிகூட இல்லை. முடிந்ததும் மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடும். ஆகவே அந்தக் குட்டிப் பெட்டிக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளுக்கு மட்டும்தான் இடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடங்கலாம், ஒன்றரைக்கு இடமில்லை. எனவே ஒலியில் மிஞ்சுவது 256, 512, 768 என்ற மடங்குகள் மட்டுமே. சாதாரணப் பறைத் தோலில் இது நடக்காது. வட்டத் தோலின் மேல்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், அடிச்சுரத்தைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று கோணல்மாணலான விகிதங்களில் கிடப்பதால்தான் பறையோடு சேர்ந்து பாட முடிவதில்லை. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது என்று சி. வி. ராமன் ஆராய்ந்து, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் சோறும் கல்பொடியும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்த கறுப்பு வட்டம் இருக்கிறதே, அதன் எடைதான் அந்தக் கோணல் விகிதங்களை 1, 2, 3 என்று இழுத்து நிறுத்துகிறது. கைவினைஞர் பல மணி நேரம் தேய்த்துச் சாதிப்பதை, கிளிட்ச்காரர் எந்த ஊர்த் தோலை வைத்தும் வெறும் திரும்பச்சொல்லலால் சாதித்துவிடுகிறார். ஆப்பிரிக்க ஜெம்பேயும் ஊதும், அரபு தர்புகாவும் ஊதும், எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடமும் ஊதியது. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி ஊதாது. எந்த மடங்கு பலமாக ஒலிக்க வேண்டும் என்பதை அந்த 4 மில்லிவினாடிக்குள் இருந்த தோலின் குணம்தான் முடிவுசெய்கிறது.

மிருதங்கத்தின் கறுப்புச் சோற்றுக்கு இன்று ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பித்தால், இதனால் தொழில்துறைக்கு என்ன பயன் என்ற கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அதே சமயம், 432 ஹெர்ட்ஸ் கேட்டால் நோய் தீரும் என்று காணொளி போடுகிறவர்களை யாரும் எந்தக் கட்டத்தையும் நிரப்பச் சொல்வதில்லை. வினாடி என்பதே மனிதன் வகுத்த அளவு. அதை கொஞ்சம் நீட்டி வகுத்திருந்தால் அந்தப் புனித எண்ணே வேறாகியிருக்கும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலி அலை ஒரே மட்டத்தில் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று வெடிக்கும். ஒலிப்பதிவுக்காரர்கள் பாடுபட்டு நீக்கும் சத்தம் அது. கிளிட்ச்காரர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், கரகரப்பு அதிலிருந்துதான் வருகிறது.

அக்கா மகனுக்கு எட்டுக் காலத்தையும் போட்டுக் காட்டினேன். நான்காம் காலம் வரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். ஐந்தாம் காலத்தில் கை நின்றுவிட்டது. எட்டாம் காலம் வந்ததும் எழுந்துபோய் மிருதங்கத்தையும் கட்டையையும் எடுத்துவந்து, அந்தச் சுருதிக்கு வார்களைத் தட்டிச் சேர்க்க ஆரம்பித்தான்.