பெட்டியில் 2000 கேலன், படகில் எவ்வளவு?

கலிபோர்னியாவில் இருக்கும் வாசகர் ஒருவர், நண்பர்கள் இருவரோடு கூட்டுச் சேர்ந்து 1970களில் கட்டிய 30 அடி பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். அடிவயிற்றில், அதாவது பில்ஜில், தண்ணீர் தேங்குகிறதாம். கடையில் பார்த்த மின்சார பம்பின் பெட்டியில் 'மணிக்கு 2000 கேலன்' என்று போட்டிருக்கிறது, போதுமா என்று கேட்கிறார்.

பழைய படகில் தண்ணீர் சேர்வது சகஜம். புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டும், மழை பாய்மரத்தின் வழியாக இறங்கும். இதற்கெல்லாம் சின்ன பம்ப் போதும். பயப்பட வேண்டியது, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஹோஸ் பிய்த்துக்கொள்வதற்குத்தான். அரை மீட்டர் ஆழத்தில் 25 மி.மீ. ஓட்டை இருந்தால் தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பீச்சும். ஓட்டையின் விளிம்பில் தாரை சுருங்குவதைக் கழித்தாலும் நிமிடத்துக்கு 55 லிட்டர், மணிக்கு 3300. அமெரிக்க கேலன் 2000 என்றால் ஏறக்குறைய 7500 லிட்டர். அப்போ தாராளம் என்றுதானே தோன்றுகிறது? அங்கேதான் ஏமாறுகிறோம்.

இந்த பம்பின் உள்ளே இருப்பது உங்கள் மிக்ஸிதான். ஜாரில் சட்னி சுற்றும்போது நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் சுவரேறும். மூடியைத் திறந்தால் கூரை வரை போகும். பம்பின் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் அதையேதான் செய்கிறது. நடுவில் நுழையும் தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு வீசுகிறது. அந்த வேகத்தைச் சுற்றியுள்ள கூடு அழுத்தமாக மாற்றுகிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த கல் இரண்டரை மீட்டர் போய்த் திரும்புமே, தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். பிஸ்டன் போலத் தண்ணீரை அடைத்துத் தள்ளும் வேலையே இதில் கிடையாது. எறிவதோடு சரி.

ஏர்கூலரில் வரும் குட்டி பம்பை ஒரு வாளியில் போட்டு, டியூப் முனையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தாரை மெலிந்துகொண்டே வரும். ஓர் உயரத்தில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும்; மோட்டார் மட்டும் ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கும். 12 வோல்ட் பில்ஜ் பம்பிலும் இதே கதைதான். இன்னொரு வேடிக்கை: வாயை முழுக்க அடைத்தால் மோட்டார் திணறாது, மின்சாரத்தைக் குறைவாகத்தான் இழுக்கும். வீசி அனுப்பத் தண்ணீர் இல்லையே, வேலை ஏது!

பெட்டியில் போட்டிருக்கும் 2000 என்பது, துளிகூட மேலே ஏற்றாமல், ஹோஸே இல்லாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் மலிவு ஹோஸில் நாலு வளைவு வளைத்து வெளியே விட்டால், பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். கோயம்புத்தூர் மோட்டாரின் தகட்டில்கூட எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது ஏற்றும் உயரத்துக்கு, எத்தனை லிட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். உயிரைக் காக்கும் பொருளின் பெட்டியில் அந்த நேர்மை இல்லாதது எனக்குக் கோபம்தான். உள்ளே வரும் துண்டுச் சீட்டில் உயரவாரியாகக் கணக்கு இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பம்புக்குள் காற்று மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மோட்டாரில் 'ஏர் பிடிச்சிருச்சு' என்று பிளம்பர் சொல்வாரே, அதேதான். இம்பெல்லர் காற்றையும் அதே வேகத்தில் வீசும், அதுவும் 'இரண்டரை மீட்டர்' ஏறும். ஆனால் அது இரண்டரை மீட்டர் உயரக் காற்றுத் தூண். காற்று தண்ணீரைவிட 800 மடங்கு லேசு. ஆகவே அந்த அழுத்தம் வெறும் 3 மி.மீ. தண்ணீரைத்தான் தூக்கும். மூன்றே மில்லிமீட்டர்!

இதைப் புரிந்துகொண்டால், படகுக்காரர்கள் ஆசை ஆசையாக மாட்டும் என்ஆர்வி, அதாவது தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒருவழி வால்வு, ஏன் ஆபத்து என்று விளங்கிவிடும். பம்ப் நின்றதும் ஹோஸில் மிச்சமிருக்கும் தண்ணீர் திரும்பி பில்ஜில் விழும். தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச் அதை மறுபடி போடும். இப்படியே விடிய விடிய பேட்டரி காலி. இதைத் தடுக்கத்தான் வால்வு மாட்டுகிறார்கள். அப்புறம் வால்வுக்கு மேலே ஒன்றரை மீட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கும், கீழே பம்பில் காற்று. 3 மி.மீ. பலம் அந்தக் கதவை எப்படித் திறக்கும்? வால்வுக்குப் பதிலாக, ஆழமான இடத்தில் சின்ன பம்பை மெல்லிய ஹோஸோடு வையுங்கள்; திரும்பி விழும் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும். பெரியதை ஒரு சாண் மேலே, தனி சுவிட்ச், தனி ஹோஸோடு வையுங்கள். ஹோஸ் வழியில் எங்கும் தொங்காமல் ஏறிக்கொண்டே போகட்டும். தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கி அதுவே மூடியாகிவிடும்.

வெளிவாயைப் பக்கவாட்டில் தாழ்வாக வைக்காதீர்கள். படகு காற்றில் சாயும்போது அது நீருக்குள் போய், சைஃபன் முறையில் கடலே உள்ளே வந்துவிடும். பின்புறம், உயரத்தில், நடுவாக வையுங்கள். ஹோஸை உயரத் தூக்கி வளைத்து, உச்சியில் காற்று நுழையும் வால்வு வைத்தால் இன்னும் நிம்மதி.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 8 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். வேகம் 12 சதவீதம் குறைந்தால், தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 22 சதவீதம் போச்சு. 2.5 சதுர மி.மீ. போடுங்கள். ஃப்யூஸ், பம்ப் கம்பெனி சொன்ன அளவில் மட்டும்.

100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம். 8 ஆம்பியருக்கு ஆறு மணி நேரம். ஓட்டையை அடைக்க ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டை ஒன்றை படகின் உடலில் கடல்நீர்க் குழாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு கடல் வால்வின் அருகிலும் கட்டி வையுங்கள்.

படகுக்குப் புதுப் பெயர் வைத்தால் ஆகாது என்று கூட்டாளி பயப்படுகிறாராம். மாலுமிகளிடையே பழைய நம்பிக்கை அது. அவர் திருப்திக்கு எலுமிச்சம்பழம் வேண்டுமானால் வையுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஹோஸ் கிளாம்ப்புகளில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பம்ப் மாட்டி முடித்ததும் பத்து வாளி நல்ல தண்ணீரை அளந்து பில்ஜில் ஊற்றி, போனில் நேரம் பாருங்கள். வரும் எண்ணை மார்க்கரால் பம்ப் மேலேயே எழுதிவிடுங்கள்.